அரிசி தீர்வதற்கு ஆறு வாரம் முன்பே தெரிந்துவிடும்

மலேசியாவிலிருந்து ஒரு கடைக்காரர் கேட்கும் கேள்வி இது: "சுங்கை சிப்புட்டில் அப்பா முப்பது வருடம் நடத்திய மளிகைக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், இரண்டு மூன்று தாமான்கள், அதாவது குடியிருப்புகள். 2023-இல் அரிசி, அப்புறம் வெங்காயம், இடையிடையே சீனி, பாக்கெட் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. சப்ளையரைக் கேட்டால் சரக்கு இல்லை என்கிறார். பக்கத்துக் கடைவீடு காலியாக இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்து ஆறு மாதச் சரக்கை அடுக்கி வைத்துவிட்டால் தொல்லை தீருமா?"

தீராது, தம்பி. அந்தக் கடைவீட்டை எடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஈப்போவில் ஒரு மொத்த வியாபாரக் கிட்டங்கியில் இருபது வருடத்துக்கு மேல் கொள்முதல் பார்த்தவன் நான். வடக்கே உங்கள் ஊர், தெற்கே தாப்பா, பீடோர் வரை தோட்டப்புறக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றியிருக்கிறோம். "சரக்கு இல்லை" என்று போனில் சொன்ன ஆட்களில் நானும் ஒருவன். அதனால் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2023 செப்டம்பர் முதல் வாரம். காலை ஏழு மணிக்கெல்லாம் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கையில் இருந்த உள்நாட்டு வெள்ளை அரிசியைப் போல மூன்று மடங்கு ஆர்டர். வெளியே லோரிகள் வெறும் வண்டியாக நிற்கின்றன. முதலாளி ஒரு தாளை என் கையில் கொடுத்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னார். நான் மூன்று விஷயம் பார்த்தேன். இந்தக் கடைக்காரர் வாரம் தவறாமல் நம்மிடம் வாங்குகிறாரா? பதினான்கு நாள் தவணை என்றால் பதினான்காம் நாள் பணம் வருகிறதா? மற்ற நாட்களில் பத்துக் காசு குறைவு என்று வேறிடம் போய்விட்டு, இன்றைக்கு மட்டும் நம்மைத் தேடுகிறாரா? இந்த மூன்றையும் வைத்துத்தான் தாள் நிரம்பியது. எப்போதும் ஆறு பை வாங்கி அன்றும் ஆறே கேட்டவருக்கு ஆறும் போனது. எப்போதும் பத்து வாங்கிவிட்டு அன்று நாற்பது கேட்டவருக்கு ஐந்துதான். அவர் கோபப்பட்டார். ஆனால் அவர் நாற்பது கேட்டதே எங்களுக்கு ஒரு எச்சரிக்கையாகத் தெரிந்தது.

உங்கள் சப்ளையரிடமும் இப்படி ஒரு தாள் இருக்கிறது. அதில் உங்கள் கடை பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதற்குத்தான் முதலில் வேலை செய்ய வேண்டும். கடைவீட்டு வாடகையை அந்தத் தாளுக்குச் செலவழிப்பது மேல்.

சரி, அந்த அரிசி ஏன் தீர்ந்தது? 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. உலகச் சந்தையில் விலை ஏறியது. மலேசியாவில் அரிசி இறக்குமதி உரிமம் பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம்தான் இருக்கிறது. செப்டம்பர் 1 அன்று அது இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. பத்துக் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 23.50 வெள்ளி 32 வெள்ளி ஆகிறது, அதுவும் சில்லறைக் கடைக்கு வந்து சேர்வதற்கு முந்திய விலை. ஆனால் உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் கட்டிய விலை கிலோ 2.60, அதாவது பத்துக் கிலோ 26 வெள்ளி. அதுவரை இறக்குமதி அரிசி வாங்கிய சாப்பாட்டுக் கடை, ஆலைக் கேன்டீன், வீடு எல்லாம் ஒரே வாரத்தில் 26 வெள்ளி பக்கம் திரும்பின. அப்போது நாட்டுக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான் இங்கே விளைந்தது. எல்லாரும் அந்த அறுபதையே கேட்டால் அது எப்படிப் போதும்?

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது தேதிகளை. ஜூலை 20-க்கும் செப்டம்பர் 1-க்கும் நடுவே ஆறு வாரம். டெல்லியில் எடுத்த முடிவு உங்கள் கடை அலமாரியைத் தொட ஆறு வாரம் ஆனது. தமிழ்ச் செய்தியிலேயே வந்த விஷயம் அது. அந்த ஆறு வாரத்தில் வழக்கமான ஆர்டரோடு வாரம் இரண்டு பை கூடுதலாகக் கேட்டிருந்தால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள், உங்கள் கையில் பன்னிரண்டு பை கூடுதலாகச் சேர்ந்திருக்கும். தட்டுப்பாடு வந்த பிறகு நாற்பது கேட்பதும், வருவதற்கு முன் இரண்டு இரண்டாகச் சேர்ப்பதும் சப்ளையர் கண்ணுக்கு வேறு வேறு ஆட்கள்.

வெங்காயம் இன்னும் தெளிவு. அதே வருடம் ஆகஸ்ட் 19 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. அக்டோபர் 28 அன்று டன்னுக்கு 800 அமெரிக்க டாலருக்குக் கீழே விற்கக் கூடாது என்றது. டிசம்பர் 8 அன்று அடியோடு தடை. தடை 2024 மே 4-இல்தான் நீங்கியது. இரண்டு முறை மணி அடித்த பிறகுதான் கதவு மூடியது. 2019-லும் 2020-லும்கூட செப்டம்பரில் இதே தடை வந்திருக்கிறது. வெங்காயம் விளையும் நாசிக் பக்கம் மழை தப்பினாலோ அளவுக்கு மீறினாலோ, தீபாவளி நெருங்கும்போது இந்தியாவில் வெங்காய விலை ஏறும், அரசாங்கம் ஏற்றுமதியைப் பிடிக்கும். ஆகஸ்டிலிருந்து வெங்காயச் செய்தியைப் படிப்பது நம் தொழிலின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெங்காயத்தில் நானே தவறு செய்தேன். தடை வந்ததும், மாற்றாக ஹாலந்து வெங்காயத்தை நிறைய எடுக்கலாம் என்று முதலாளியை வற்புறுத்தினேன். அதே டிசம்பர் நடுவில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பத்து நாளும் அதற்கு மேலும் கூடிவிட்டது. முன்பின் வர வேண்டிய இரண்டு கொள்கலன்கள் ஒன்றாக வந்து நின்றன. அதற்குள் மற்ற நாட்டு வெங்காயமும் சந்தைக்கு வந்து விலை இறங்கியிருந்தது. கிட்டங்கியின் பின்பக்கம் அடுக்கிய மூட்டைகளில் அடிவரிசை வியர்த்தது. ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் இருந்த காய்கள் விரலளவு முளைவிட்டு, வலை வழியாகப் பச்சையாக எட்டிப் பார்க்கின்றன. கையை உள்ளே விட்டால் சூடு. மூன்று நாள் பொறுக்கி, தேறியதைக் கொள்முதல் விலைக்கும் கீழே தள்ளிவிட்டோம். பொருள் இல்லாத நாளில் விட்டதை விட, பொருள் குவிந்த நாளில் விட்டதுதான் எங்களுக்குப் பெரிய நட்டம்.

இது வெங்காயத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி வேகமாக வீசுகிறது அல்லவா, அதே மாதிரி. புரோக்டர் அண்ட் கேம்பல் கம்பெனி தன் பேம்பர்ஸ் அணையாடையை வைத்து இதைக் கவனித்தது. குழந்தைகள் வாரத்துக்கு வாரம் கூடக் குறையப் பயன்படுத்துவதில்லை, கடையில் விற்பனையும் கிட்டத்தட்ட சீராகத்தான் இருக்கிறது. ஆனால் விநியோகஸ்தர்கள் அனுப்பும் ஆர்டர் மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹாவ் லீ, தம் கூட்டாளிகளோடு 1997-இல் இதற்கு நான்கு காரணம் எழுதினார். அதில் ஒன்று, தட்டுப்பாட்டில் பங்கு கிடைக்க வேண்டும் என்று தேவைக்கு மேல் ஆர்டர் கொடுப்பது. பத்துக் கடை இரண்டு மடங்கு கேட்டால் கிட்டங்கி மூன்று மடங்கு கேட்கிறது, இறக்குமதிக்காரர் நான்கு மடங்கு. எல்லாம் வந்து சேரும்போது வாங்க ஆள் இல்லை. 2020 மார்ச் 16 இரவு கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு அறிவிப்பு வந்தபோது நம் ஊர்களில் நடந்ததும் இதுதான். நாட்டில் பொருள் இருந்தது, இரண்டு நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் கை நீட்டியதால் அலமாரி காலியானது.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். ஆறு மாதச் சரக்கு என்றீர்கள். அரிசியை மட்டும் கணக்கிடலாம். நாளைக்கு ஆறு பை விற்கிறீர்கள், பை 35 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 நாளுக்கு 37,800 வெள்ளி. வண்டு, ஈரம், எலி எல்லாம் தனி. அந்தப் பணம் முடங்கினால் பருப்புக்காரருக்கும் பால்மாவுக்காரருக்கும் தவணை தள்ளிப்போகும், உடனே அந்தத் தாளில் உங்கள் பெயர் கீழே இறங்கும்.

அதற்குப் பதில் இப்படிக் கணக்குப் போடுங்கள். சாதாரண நாளில் ஆறு பை, சம்பள வாரத்தில் நாளைக்குப் பத்துப் பை. ஆர்டர் கொடுத்தால் வழக்கமாக மூன்று நாளில் வருகிறது, மோசமான நேரத்தில் எட்டு நாள். மோசமான விற்பனையை மோசமான நாட்களால் பெருக்கினால் 80. வழக்கமானதைப் பெருக்கினால் 18. கழித்தால் 62. இதுதான் நீங்கள் கைக்காவலாக வைக்க வேண்டிய அரிசி, ஏறத்தாழ 2,170 வெள்ளிச் சரக்கு. கையிருப்பு 80 பைக்கு இறங்கியதும் அடுத்த ஆர்டர். 62 பை கடையின் பின்னறையிலேயே அடங்கும். மரப்பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.

எல்லாப் பொருளுக்கும் இதைச் செய்யாதீர்கள். உங்கள் கடையில் ஆயிரம் பொருள் இருக்கலாம், ஆனால் இல்லை என்றால் ஆள் வேறு கடைக்குப் போய்விடும் பொருள் முப்பது நாற்பதுதான். அரிசி, சீனி, எண்ணெய், கோதுமை மாவு, பருப்பு, வெங்காயம், முட்டை, குழந்தைப் பால்மாவு, தோட்டத்தில் எல்லாரும் வாங்கும் அந்த ஒரே மீன் டின். ஷாம்பூவில் ஒரு ரகம் தீர்ந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்வார்கள். புழுங்கல் அரிசி அப்படி இல்லை. இனிப்பு நீர் உள்ள பாட்டிக்கு வீட்டில் தனியாக வடிக்கிற அரிசி அது, வெள்ளை அரிசியைக் காட்டினால் மருமகள் பையை மடித்துக்கொண்டு போய்விடுவார். வெங்காயமும் முட்டையும் அழுகுகிறவை, அவற்றுக்குக் கைக்காவல் மூன்று நான்கு நாளுக்கு மேல் வேண்டாம். அங்கே காப்பது சரக்கை விட வழிதான்.

வழி என்றால் என்ன? உங்களுக்கு இரண்டு சப்ளையர் இருப்பார்கள். இருவரும் கிள்ளானில் ஒரே இறக்குமதிக்காரரிடம் எடுக்கிறார்கள் என்றால் உண்மையில் உங்களுக்கு ஒரே சப்ளையர்தான். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் கிட்டங்கிகள் தண்ணீரில் நின்றபோது இது பல பேருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருவர் கிள்ளான் துறைமுகம் வழியாக, இன்னொருவர் பினாங்கு, பட்டர்வொர்த் வழியாக எடுப்பவராக இருக்கட்டும். உங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வசதி. கண்டுபிடிப்பதும் சுலபம். மூட்டையின் வாயில் தைத்திருக்கும் தாளைக் கிழித்து எறியாமல் ஒரு மாதம் ஆணியில் குத்தி வையுங்கள். எந்த நாடு, எந்த இறக்குமதிக்காரர் என்று அதிலேயே இருக்கும். மாதக் கடைசியில் எல்லாத் தாளையும் மேசையில் பரப்பிப் பார்த்தால், பத்துப் பொருள் ஒரே பெயரில் தொங்குவது தெரியும். இரண்டாவது ஆளிடம் நல்ல காலத்திலேயே ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வாங்குங்கள், நாலில் ஒரு பங்கு போதும். நெருக்கடியில் மட்டும் போய் நின்றால் அவருக்கு நீங்கள் முகம் தெரியாத ஆள்.

நம் ஊர்களுக்கு இன்னொரு சங்கடம், நாம் லோரிப் பாதையின் கடைசியில் இருக்கிறோம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியானது. சரக்கு வண்டிகளுக்குப் பழைய விலையில் டீசல் போட அட்டை உண்டு என்றாலும், அதைப் பெறாத சிறு லோரிக்காரர்கள் குறைந்தபட்ச ஆர்டரை ஏற்றிவிட்டார்கள். தனிக் கடையாக நின்றால் அரை லோரிகூடச் சேராது. உங்கள் வரிசையிலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து, ஒரே நாளில் ஒரே லோரிக்கு ஆர்டர் கொடுங்கள். ஒருவருக்கொருவர் போட்டிதான், இருக்கட்டும். விலையைச் சேர்ந்து பேசி வைக்காதீர்கள், சட்டம் அதைத் தடை செய்கிறது. லோரியைப் பகிர்வதில் தவறில்லை.

அப்புறம், அப்பா கடன் கணக்கு எழுதிய 555 புத்தகம். அதைக் கேட்டிருக்கவில்லை நீங்கள், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சரக்குப் பிரச்சினையில் பாதி அதற்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். 1955 வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். தோட்டத்தில் அந்த வாரம்தான் கடன் தீரும், அந்த வாரம்தான் பெரிய வாங்கலும். நீங்கள் சப்ளையருக்குப் பணம் கட்ட வேண்டிய தேதி இருபதாம் தேதியில் விழுந்தால் எப்போதும் திணறுவீர்கள். தவணைத் தேதியைப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், தவறாமல் கட்டுவீர்கள் என்று தெரிந்தால் போதும். கடன் கொடுப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் வெட்டு நாள் குறையும்போது அந்தக் குடும்பங்களுக்குக் கடையைத் தவிர வேறு வழி இல்லை, பிறகு அவர்கள்தான் உங்களை விட்டுப் போகாதவர்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஓர் எல்லை மட்டும் வையுங்கள்.

பொருள் குறைந்த நாளில் அதை ஒளிக்காதீர்கள். பின்னறையில் வைத்துத் தெரிந்தவருக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தால் அடுத்த நாள் தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிடும். குடும்பத்துக்கு ஒரு பை என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள், அடுத்த லோரி எந்த நாள் என்பதையும் சேர்த்து. நாள் தெரிந்தால் மக்கள் பதறுவதில்லை. 2022 கடைசியில் முட்டை இல்லாமல் தவித்தபோது நாமக்கல்லிலிருந்து முட்டை வந்தது. சின்னதாக இருக்கிறது, பழையதாக இருக்குமோ என்று சனங்கள் தயங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரம்மா, தட்டில் ஒன்றை உடைத்து மஞ்சள் கரு நிமிர்ந்து நிற்பதைக் காட்டியே அத்தனையையும் விற்றார்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. சீனி, எண்ணெய், மாவு போன்ற கட்டுப்பாட்டுப் பொருள்களை விற்க 1961 விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், பதுக்கினால் அதே சட்டம் பாயும். கடைவீடு வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். அதிகாரி வந்து திறக்கச் சொன்னால், ஆறு மாதச் சீனிக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? கொள்முதல் விலை ஏறியதால் நீங்களும் ஏற்றினால், 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதைக் காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு பில்லையும் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். பில் தராமல் கூடுதல் விலைக்குக் கொடுக்கும் லோரிக்காரரிடம், எவ்வளவு அவசரமானாலும், வாங்காதீர்கள்.

கடைசியாகப் பாக்கெட் எண்ணெய். ஒரு கிலோ பாக்கெட் 2.50 வெள்ளி என்பது அரசாங்க மானிய விலை, நாடு முழுவதற்கும் மாதம் 60,000 டன் என்று ஒதுக்கீடு. ஒதுக்கீட்டில் வருகிற பொருள் என்பதால் நீங்கள் எவ்வளவு திறமையாக ஆர்டர் கொடுத்தாலும் உங்கள் பங்குக்கு மேல் வராது. வந்த அன்றைக்கே தீரும், தீரட்டும். அரிசி வாங்கினால்தான் எண்ணெய் என்று கட்டிவிற்காதீர்கள், அது குற்றம். உங்கள் பங்கு மாதாமாதம் குறைந்துகொண்டே போனால் மூன்று மாத பில்லை எடுத்துக்கொண்டு ஈப்போவில் உள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் மாநில அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போனில் சொல்வதை விட, தாளை மேசையில் வைத்தால் வேலை நடக்கிறது. போகும்போது லோரி பகிரும் அந்த மூன்று கடைக்காரர்களின் பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.